வண்டியில் ஒட்டியதும் உரித்ததும்

2024 ஏப்ரல் கடைசியில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் வண்டிகளில் 'பிரஸ்', 'போலீஸ்', 'தலைமைச் செயலகம்', 'மின்வாரியம்', 'மாநகராட்சி', 'வக்கீல்', 'டாக்டர்' என்று ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் மே 2-ஆம் தேதிக்கு முன் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். பதிவெண் பலகையில் இப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1500 ரூபாய் அபராதம். பாடியில் ஒட்டியிருந்தால் 198-ஆம் பிரிவு. உத்தரவு சென்னை மாநகருக்குத்தான். நம்முடைய திருநின்றவூர் ஆவடி ஆணையரகத்தில் இருக்கிறது. இருந்தாலும் அண்ணா நகருக்கோ எழும்பூருக்கோ வண்டியில் போகாதவர் யார்? அந்த வாரம் சி.டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள மெக்கானிக் கடைகளில், ஒட்டியதை உரிக்கும் வேலை அமோகமாக நடந்தது.

நான் பார்த்தவரையில் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிளேடையோ தின்னரையோதான் எடுத்தார்கள். ஸ்டிக்கர் போயிற்று, கூடவே பெயின்டும் போயிற்று. சிலருடைய வண்டியில் 'பிரஸ்' இருந்த இடத்தில் அதே நீள அகலத்துக்குத் தகரம் தெரிந்தது. ஐம்பது ரூபாய் ஸ்டிக்கரை எடுக்கப்போய் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பெயின்ட் வேலை வைத்துக்கொண்டார்கள்.

எப்படி எடுப்பது என்று சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும், அதையும் சொல்கிறேன். வண்டியில் பேரும் அடையாளமும் போடுவதும், அதை அரசாங்கமே எடுக்கச் சொல்வதும் நம் ஊருக்குப் புதிதில்லை. கோப்பு புரட்டிய கை, பழசைத் தேடாமல் இருக்காது. முதலில் அந்தக் கதை.

ஸ்டிக்கர் வருவதற்கு முன்னால் வண்டிகளில் மூன்று விதமான அடையாளங்கள் இருந்தன. ஒன்று வில்லை. சைக்கிளுக்கு வரி கட்டினால் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ தகர வில்லை ஒன்று கொடுப்பார்கள். அதை ஹேண்டில்பாருக்குக் கீழே திருகி வைத்துக்கொள்ள வேண்டும். வருடம் முடிந்தால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டியதுதான். ஸ்கூட்டருக்கும் காருக்கும் வரி டோக்கன் என்ற வட்டச் சீட்டு. கண்ணாடி மூடி போட்ட ஒரு சிறு தகரக் கூட்டுக்குள் அது உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்தில் 1921 ஜனவரி 1-ஆம் தேதி ஆரம்பித்த வழக்கம் இது. அங்கே 2014 அக்டோபர் வரைக்கும் அந்த வட்டச் சீட்டு உயிரோடு இருந்தது. பிரான்சில் இதே காரியத்துக்கு 1956-இல் 'வின்யெத்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதியோர் உதவித் தொகைக்குப் பணம் வேண்டும் என்பதற்காகக் கார்க்காரர்கள் தலையில் போட்ட வரி அது. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தபோது, பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அந்த வரியைத் திட்டித் தீர்த்ததைக் கேட்டிருக்கிறேன். தனியார் கார்களுக்கு அது 2000-ஆவது வருடம்தான் நீங்கியது.

வில்லையாகட்டும் டோக்கனாகட்டும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழற்றுவதற்கென்றே செய்த பொருள்கள் அவை. வண்டியின் பெயின்டைத் தொடாது. ஆணி, திருகு, கூடு, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை தூரிகை. லாரிக்குப் பின்னால் 'சவுண்ட் ஹார்ன்', மாட்டு வண்டிச் சட்டத்தில் சொந்தக்காரர் பெயர், பஸ்ஸின் பக்கவாட்டில் கழகத்தின் பெயர், எல்லாம் கையெழுத்துப் பெயின்டர்களின் வேலை. பெயின்டின் மேல் பெயின்ட். அழிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெயின்டால் மூட வேண்டும். திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் செய்யத் தொடங்கினார்களே, அதன் டாங்க்கில் ஓடும் பொன் கோட்டைக் கையாலேயே இழுத்தார்கள். வளைவில் கூடக் கோட்டின் பருமன் மாறாது. இன்றைய ஸ்டிக்கர் கோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, நம்மில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த 'டிரான்ஸ்ஃபர்'. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் ஹெர்குலிஸ் வண்டியின் சட்டத்தில் இருந்த பெயரும் படமும் ஒட்டியவை அல்ல. அவை காகிதத்தில் அச்சடித்த மெல்லிய வண்ணப் படலங்கள். காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தால் படலம் வழுக்கிக்கொண்டு வரும். அதைச் சட்டத்தின் மேல் நகர்த்திக் காற்றுக் குமிழி இல்லாமல் துணியால் ஒற்றி, காய்ந்தபின் வார்னிஷ் பூசுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே முறையில் கையில் ஒட்டும் படங்கள் விற்றார்கள். பிரெஞ்சில் இதற்கு 'தெகால்கொமனி' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஒரு பைத்தியமாகவே பரவியது, பெயரின் வாலில் இருக்கும் 'மனி' அந்தப் பைத்தியத்தைத்தான் சொல்கிறது. ஆங்கிலேயர் அதை வெட்டி 'டெக்கால்' ஆக்கினார்கள். இன்று பைக் கம்பெனிகள் 'டீக்கால்ஸ்' என்று விற்பதும் அந்தச் சொல்லைத்தான்.

இந்த மூன்றிலும் இல்லாத ஒன்று, எப்போதும் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும் பசை. ஸ்டிக்கரின் உயிரே அதுதான். அதன் கதையில் ஒரு கார்ப் பெயின்ட் பட்டறைக்கும் இடம் உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வண்ணம் அடிப்பது நாகரிகமாயிற்று. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் நேர்கோடு. முதல் நிறம் காய்ந்ததும் அதன் மேல் காகிதம் ஒட்டி மறைத்து, இரண்டாவது நிறத்தை அடிக்க வேண்டும். பிறகு காகிதத்தைப் பிய்த்தால் முதல் பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். பெயின்டர் வாயில் வராத வசவு கிடையாது. செயின்ட் பால் நகரில் உப்புத்தாள் விற்கும் கம்பெனியான 3எம்-இல் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், உப்புத்தாளைச் சோதிக்க ஒரு பட்டறைக்குப் போனபோது இந்த வசவைக் கேட்டார். பெயின்டை உரிக்காமல் வரும் பட்டை ஒன்றைச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது அதில் அனுபவம் எதுவும் கிடையாது. தச்சுப் பசையும் கிளிசரினும் கலந்து, சுருக்கம் வைத்த காகிதத்தில் தடவி, 1925-இல் அதைச் செய்து முடித்தார். இன்றைக்கும் பெயின்ட் கடையில் கேட்டு வாங்குகிறோமே 'மாஸ்கிங் டேப்', அதுதான்.

பத்து வருடம் கழித்து 1935-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான்டன் ஏவரி என்பவர், தான் மணக்கவிருந்த பெண்ணிடம் நூறு டாலர் கடன் வாங்கி, துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரையும் தையல் மெஷின் பாகங்களையும் சேர்த்து ஒரு இயந்திரம் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் பின்தாளை உரித்தால் ஒட்டிக்கொள்ளும் லேபிள். முதலில் பரிசுப் பொருள் கடைகளில் விலைச் சீட்டாக ஓடியது. பின்னாளில் காகிதத்துக்குப் பதில் பி.வி.சி. படலம் வந்தது. வெயிலும் மழையும் தாங்கும் வண்டி ஸ்டிக்கர் அப்படித்தான் பிறந்தது. நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் 1967-இல் தொடங்கியபிறகு பி.வி.சி. நமக்கும் வீட்டுப் பொருளாகிவிட்டது.

ஆக, ட்ரூ செய்தது எடுப்பதற்கான பசை. ஏவரி வழியில் வந்தவர்கள் செய்தது போகாத பசை. ஒட்டும்போதே எடுக்கும் நாளை நினைத்தவர் ட்ரூ ஒருவர்தான் என்று தோன்றும். இரண்டும் ஒரே வகைப் பசைதான். திடமும் இல்லை, திரவமும் இல்லை, மெல்ல மெல்ல ஓடுகிற கூழ். ஒட்டிய அன்று மேல் மேலாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மாதங்கள் ஆக ஆகப் பெயின்டின் நுண்ணிய குழிகளில் எல்லாம் இறங்கி உட்கார்ந்துவிடும். அதற்குள் மேலே இருக்கும் பி.வி.சி.யில் வளைவுக்காகச் சேர்த்த எண்ணெய் வெயிலில் வெளியேறி, படலம் காய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஒரு மாத ஸ்டிக்கர் ஒரே தோலாக வருகிறது, பத்து வருட ஸ்டிக்கர் நகத்தளவு நகத்தளவாக உடைகிறது.

இடையில் ஒரு வார்த்தை. இரவில் மின்னும் ஸ்டிக்கருக்கு நம் ஊரில் 'ரேடியம்' என்று பெயர். ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை 'ரேடியம் கட்டிங் செய்யப்படும்' என்று எத்தனை பலகை! 1898-இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் கண்டுபிடித்த ரேடியத்தில் ஓர் அணுகூட இதில் கிடையாது. பழைய கைக்கடிகார முள்ளில் ரேடியம் பூசியிருந்தார்கள், இருட்டில் தானாக ஒளிரும். ஸ்டிக்கரில் இருப்பது பொடிக் கண்ணாடி மணிகள். வெளிச்சம் பட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பும், பட்டால்தான் மின்னும். கியூரி அம்மையாரைப் பற்றிப் பாடம் படித்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது 1997-க்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வண்டிகளிலிருந்து பெயர் எடுத்ததிலேயே பெரிய காரியம் அந்த வருடம்தான் நடந்தது. அதற்குமுன் ஒவ்வொரு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு பெயர். பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், வெளியூருக்குத் திருவள்ளுவர், வடசென்னைக்கு 1994 முதல் டாக்டர் அம்பேத்கர். விருதுநகர்ப் பக்கத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தபோது, ஒரு சாரார் அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். சாதிக் கலவரம் மூண்டது. தென் மாவட்டங்களில் உயிர்கள் போயின. பஸ்ஸில் எழுதிய ஒரு பெயருக்காக. கடைசியில், ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அது அநீதி, ஆகவே எல்லாப் பெயரையும் எடுப்போம் என்று முடிவாயிற்று. போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீங்கிற்று. பல்லவன் 'மாநகர் போக்குவரத்துக் கழகம்' ஆனது. திருவள்ளுவர் 'அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்' ஆனது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றைக்கும் வாதம் செய்யலாம். எல்லோருடைய பெயரையும் எடுத்ததில், முதல்முறையாகப் பெயர் பெற்ற ஒருவரும் போனார் என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

அந்த 1997 ஜூலை 1-ஆம் தேதிதான் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து காஞ்சிபுரமும் திருவள்ளூரும் பிறந்தன. நாம் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் ஆனது அன்றைக்கு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ரப்பர் முத்திரை, பெயர்ப் பலகை, கடிதத் தலைப்பு எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. ஜீப்பின் கதவிலும் பழைய மாவட்டப் பெயர் மஞ்சள் எழுத்தில் இருந்தது. அதை எடுக்கச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் என்று மூன்று வாரம் கோப்பு போய்வந்தது. பெயர் எழுதத் தலைப்பு இருக்கிறது, அழிக்கத் தலைப்பு இல்லை! கடைசியில் சில்லறைச் செலவில் நாற்பது ரூபாய் அனுமதி ஆனது.

நாற்பது ரூபாய்க்கு வந்த பெயின்டர், தின்னரில் நனைத்த துணியால் எழுத்தைத் துடைத்தார். எழுத்துப் போவதற்கு முன் அடியில் இருந்த பச்சை கரைந்து துணியில் வந்தது. காரணம் உண்டு. அந்தக் காலத்து 'டூகோ' வகை நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட், தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிற பெயின்ட். இருபது வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி இளகிவிடும். கைவண்டிக்கும் கேட்டுக்கும் அடிக்கும் சிந்தெடிக் எனாமல் கரையாது, ஆனால் சுருங்கிக் கொப்பளிக்கும். மாருதி 1983-இல் வந்தபிறகு பரவிய, சூளையில் சுட்ட பெயின்டும், அதன் பின்னால் வந்த மேல்பூச்சு வார்னிஷும் கொஞ்சம் தாங்கும். 1998-இல் நம் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து வந்த லான்சரில் தாங்குவது அம்பாசடரில் தாங்காது. ஆகவே தின்னர் பக்கமே போகாதீர்கள் என்பது என் கட்சி. எங்கள் ஜீப்பின் ஒரு கதவு மட்டும் வேறு பச்சையில் ஏலம் போகும்வரை ஓடியது.

பஸ்களில் கதை வேறு. அங்கே எழுத்தைத் துடைக்கவில்லை, மேலே பெயின்ட் அடித்து மூடினார்கள். அவசர வேலை. ஒரே ஒரு கோட்டிங். மழை பெய்து பக்கவாட்டுத் தகடு நனைந்தால் புது நிறத்துக்கு அடியில் 'பல்லவன்' என்று மேடாகத் தெரியும். பட்டாபிராம் நிறுத்தத்தில் நின்று நான் அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.

அடுத்த பெரிய உரிப்பு 2012-இல். அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடை செய்தது. மே 4 முதல் அமல். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற விதி முன்னமே இருந்தது. அந்த அளவு கண்ணாடியில் தயாரிப்பிலேயே இருக்க வேண்டும், மேலே எதையும் ஒட்டக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்போதும் பிளேடுதான். பின் கண்ணாடியில் பனி போக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும், படலத்தோடு அவையும் சுரண்டப்பட்டுப் போயின. சோப்புத் தண்ணீர் தெளித்து, பாலிதீன் தாளால் மூடி, மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தால் போதும். அப்படிச் செய்தவர்களுக்குப் படலம் முழுத்துண்டாக வந்தது.

2024-க்குத் திரும்புகிறேன். பிரெஞ்சில் 'எத்திகெத்' என்றால் ஒட்டுச் சீட்டு. பள்ளியில் நோட்டுப் புத்தகத்தின் மேல் நாக்கால் நனைத்து ஒட்டுவோமே, அது எத்திகெத். அரண்மனையில் யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற மரியாதை முறைக்கும் அதே சொல்தான். வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டுகிறவருக்கு இரண்டு அர்த்தமும் சேர்ந்தே வேண்டியிருக்கிறது. வழிவிடு என்கிறார். மனத்துக்குள் கோயில் கட்டி, அந்தப் பல்லவ அரசனையே தேடி வரவைத்த பூசலார் ஊர்க்காரர்கள் நாம். நம் தெருவில்கூட வேலை பார்க்காத துறையின் பெயரை ஒட்டியவர்கள் உண்டு. அரசு வண்டிக்கு உரிய 'அ' எழுத்தை ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ஸ்கூட்டரில் வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு அனுதாபம் கிடையாது.

ஆனால் எல்லா ஸ்டிக்கரும் அந்த ரகம் இல்லை. எங்கள் தெரு முனை வீட்டில் ஒரு தலைமைக் காவலர் இருந்தார். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சிவப்பு ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் 'காவல்' என்று வெள்ளை எழுத்து. மகன் அதை ஓட்டுகிறான். அறிவிப்பு வந்த வாரம் அந்த அம்மா வந்தார்கள்.

"அண்ணா, அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர் ஒட்டினதுன்னு வீட்டு வாசல்ல அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் எடுக்கணுமா?"

எடுக்கத்தான் வேண்டும் என்றேன். பையன் போலீஸ் இல்லை, மறித்தால் கேள்வி அவனுக்குத்தான். ஆர்.சி. புத்தகமே இன்னும் இறந்தவர் பேரில் இருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். வண்டிச் சொந்தக்காரர் காலமானால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். நம் வயதுக்காரர்கள் இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

"கடையில குடுத்தா சுரண்டிடுவாங்க. நீங்க பாத்து எடுத்துக் குடுங்க," என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் பையனும் உட்கார்ந்தோம்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். மணல் ஒட்டியிருந்தால் துடைக்கிற துணியே உப்புத்தாளாகிவிடும். பிறகு சூடு. தலைமுடி உலர்த்தும் டிரையர் இருந்தால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கலாம். எங்களிடம் இல்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் நனைத்துப் பிழிந்த துண்டு, எழுத்தின் மேல் ஐந்து நிமிடம். ஆறினால் மறுபடி. பசை இளகியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, பழைய ஏ.டி.எம். கார்டை அடியில் கொடுத்தோம். இழுக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் பெயின்டைத் தூக்கும். வந்த வழியே மடித்து, தகட்டோடு தகடாகப் படிந்தாற்போல், மெல்ல இழுக்க வேண்டும். மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் இன்னும் மெதுவாக. பட்டறைப் பெயின்டுக்குக் கம்பெனிப் பெயின்டின் பிடிப்பு கிடையாது. 'கா' இரண்டு துண்டாக வந்தது. 'வ' முழுசாக வந்தது. 'ல்' உடைந்து உடைந்து அரைமணி நேரம் தின்றது.

மிச்சமிருந்த பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி இருபது நிமிடம் விட்டோம். பழைய பசையை அது உப்ப வைக்கும். பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த மெல்லிய துணி. அதையும் முதலில் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி போட்டுப் பார்த்தோம். நிறம் துணியில் வரவில்லை, ஆகவே மேலே போனோம். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்காத வீட்டில் நீலகிரித் தைலமும் இந்த வேலையைச் செய்யும். நகப்பூச்சு அழிக்கும் திரவம், பாத்திரம் தேய்க்கும் நார், பிளேடு, மூன்றும் கிட்டே வரக்கூடாது. முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

பெயின்டில் ஒரு கீறல் இல்லை. ஆனால் துடைத்து முடித்துப் பார்த்தால், வெளிறிய சிவப்புக்கு நடுவே அடர்ந்த சிவப்பில் 'காவல்' என்று அப்படியே இருக்கிறது! இத்தனை வருட வெயில் சுற்றியிருந்த பெயின்டை வெளுத்துவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வண்டி வாங்கிய அன்றைய நிறம். சிவப்பில்தான் இது மிக அதிகம். வெள்ளையிலும் சாம்பலிலும் அவ்வளவாகத் தெரியாது. பழைய வண்டியில் இதைப் பார்த்துவிட்டு 'ஸ்டிக்கர் பெயின்டைக் கெடுத்துவிட்டது' என்கிறார்கள். கெடுத்தது வெயில். ஸ்டிக்கர் காப்பாற்றியிருக்கிறது.

ரப்பிங் காம்பவுண்ட் போட்டுச் சுற்றிலும் வெளுத்த மேல்தோலைத் தேய்த்தால் நிழல் பெரும்பாலும் மறையும் என்றேன். பையன் உடனே கடைக்குப் போகக் கிளம்பினான். அந்த அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது ஸ்டிக்கர் இல்லையே, அண்ணா? அதுக்கு ஃபைன் போட மாட்டாங்களே?"

சட்டத்தில் வெயிலுக்குப் பிரிவு கிடையாது என்றேன். "அப்ப இருக்கட்டும்டா," என்று பையனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவன் இன்றும் அப்படியே ஓட்டுகிறான். நல்ல வெயிலில் பார்த்தால் தெரியும், மாலையில் தெரியாது.

நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கார் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கிய ஃபாஸ்டேக், 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளின் முன் கண்ணாடியில் வரும் பதிவெண் ஸ்டிக்கர், இரண்டும் முழுசாக வரக்கூடாது என்றே செய்தவை. எடுத்தால் கிழிய வேண்டும், மறுபடி வேறு வண்டியில் ஒட்ட முடியாமல் போக வேண்டும். ஆகவே அவற்றை இடம் மாற்றி ஒட்டலாம் என்று முயலாதீர்கள். பட்டரைப்பெரும்புதூர் சாவடியில் கையில் பிடித்துக் காட்ட வேண்டியதாகிவிடும். காரை விற்கும்போது ஃபாஸ்டேக் கணக்கை முதலில் வங்கியில் மூடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் போகிற சாவடிக்கெல்லாம் உங்கள் பணம் போகும். பிறகு ஸ்டிக்கரை எடுங்கள். கண்ணாடி என்பதால் இங்கே மட்டும் பிளேடு கூடும். கண்ணாடியை நன்றாக நனைத்துக்கொண்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளுங்கள். மிச்சப் பசைக்கு அதே தேங்காய் எண்ணெய்.